ஐந்நூறு கிலோ தூக்கும் மேசை

குந்தி உட்கார்ந்த காளிதாசனால் எழுந்திருக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டு முன் போர்ச்சில் தன் பழைய மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்தி, தொங்கிப்போன சங்கிலியை இறுக்கி முடித்து, ஸ்பானரைத் தரையில் வைத்தார். அடுத்துச் செய்ய வேண்டியது எழுந்து நிற்பது மட்டும்தான். ஐம்பது வயதுவரை யோசிக்காமல் செய்த காரியம். இப்போது யோசித்தும் நடக்கவில்லை. வலது முட்டியில் என்னவோ கடக்கென்றது. மோட்டாரைப் பிடித்து எழலாம் என்று பார்த்தால், மோட்டார் அவர் மேலேயே சாய்ந்தது. அதைத் தள்ளி நிறுத்திவிட்டு, கடைசியில் நாலு காலில் தவழ்ந்துபோய் இரும்புக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிர்வீட்டு மலாய்க்கார அத்தை, மக்சிக் சாஃபியா, செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர், "பெர்செனாம் கே?" என்று கேட்டார். மலாயில் உடற்பயிற்சியா என்று அர்த்தம். காளிதாசன் ஆமாம் என்று தலையாட்டினார். வேறு என்ன சொல்வது?

கிளினிக்கில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, முட்டி தேய்ந்துவிட்டது, இனிமேல் குந்தவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

"இதுக்குதான் சொன்னேன், மோட்டார் கெடைல குடுத்து செஞ்சிக்கோங்கன்னு," என்றாள் மனைவி நவமணி. "இல்ல, வித்துருங்க. அந்த மோட்டாருக்கும் வயசாச்சி, உங்களுக்கும் வயசாச்சி."

நியாயமான பேச்சுதான். ஆனால் காளிதாசனுக்கு வாரத்தில் இருப்பது அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும். மற்ற நாளெல்லாம் குருணிலிருந்து பஸ் ஏறி கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவுக்குப் போய், தலை முதல் கால்வரை வெள்ளை உடுப்பு மாட்டி, கண் மட்டும் தெரிய, ஒரு மெஷின் முன்னால் ஷிஃப்ட் முழுக்க நிற்க வேண்டும். லைன் லீடர் கூட்டம் போடுவார். சூப்பர்வைசர் கூட்டம் போடுவார். கூட்டம் சரியாக நடந்ததா என்று பார்க்க இன்னொரு கூட்டம் நடக்கும். வீட்டுக்கு வந்தால் கோயில் கூட்டம், தாமான் குடியிருப்பாளர் கூட்டம். மோட்டார் ஒன்றுதான் அவரைக் கூட்டத்துக்குக் கூப்பிடாதது. எண்ணெயை மாற்றினால் பேசாமல் மாற்றிக்கொள்ளும். அந்தக் காலைப்பொழுதும் போய்விட்டால், பிறகு ஏழு நாளும் பஸ்ஸில் இருப்பது மாதிரிதான்.

ஆகவே மோட்டார் லிஃப்ட் ஒன்று வாங்குவது என்று முடிவு செய்தார். மோட்டாரை ஏற்றி வைத்து வேலை பார்க்கும் இரும்பு மேசை. அவர் தேவை ரொம்பச் சின்னது. குந்தக் கூடாது; வாரம் முழுக்க நிற்பதால் நிற்கவும் முடியாது; பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் சக்கரத்து நட்டு நெஞ்சுக்கு நேராக வர வேண்டும். இவ்வளவுதான். இதைக் கைப்பேசியில் இரண்டு வரியாக எழுதினார். எழுதிய இடம்தான் தப்பு. கோயில் வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டார்.

உடனே பதில்கள் வந்தன. ஒருவர் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் போட்டார். ஒருவர் முட்டிக்கு வெந்தயத்தை ஊற வைத்துக் கட்டச் சொன்னார். பாலிங்கில் தன் சகலைபாடி இரும்புக் கேட்டு செய்கிறார், நல்ல மனிதர் என்று இன்னொருவர் தெரிவித்தார். லிஃப்ட் என்றால் மாடி வீட்டுக்கா என்று ஒருவர் கேட்டார். அதற்குப் பிறகு வந்தது ஒரு குரல் பதிவு. நீளத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, மச்சான்தான்.

நவமணியின் அண்ணன் ரவிச்சந்திரன் பிழைப்புக்கு இன்சூரன்ஸ் ஏஜெண்ட்; மீதி நேரமெல்லாம் தலைவர். 'வட்டார இந்திய இருசக்கர வாகனமோட்டிகள் பண்பாட்டு நல மேம்பாட்டு இயக்கம்' என்று ஓர் அமைப்பை நடத்திவந்தார். அதில் சாதாரண உறுப்பினர் என்று யாரும் கிடையாது. சேர்ந்தவர் எல்லாருமே துணைத்தலைவர், செயலாளர், இணைச்செயலாளர், ஆலோசகர். முத்திரை இருந்தது, பேனர் இருந்தது, ஒரே நிறத்தில் டீசட்டை இருந்தது. நடவடிக்கை ஒன்றுதான் இல்லாமல் இருந்தது. இயக்கம் தொடங்கிய நாளிலிருந்து ரவிச்சந்திரன் தேடிக்கொண்டிருந்ததும் அதைத்தான்.

"மாப்ள," என்றது குரல் பதிவு, "நீ ஒண்ணும் வாங்காத. நான் வர்றேன். இது சின்ன விஷயமில்ல."

சின்ன விஷயம்தான் என்று காளிதாசனுக்குத் தெரியும். ஆனால் மச்சான் கையில் போன எதுவும் சின்ன விஷயமாகத் திரும்பி வந்ததில்லை.

குருண் டவுனில் முகம்மது ஹனீபாவின் இரும்புச் சாமான் கடைக்குப் போனார்கள். கடையின் பின்பக்கம் இரண்டு லிஃப்ட் இருந்தன. ஒன்று சின்னது, அகலம் குறைவு, காலால் மிதித்தால் முழங்கால் உயரத்துக்கு எழும்பி நிற்கும், வேலை முடிந்ததும் சுவரோரம் ஒதுக்கிவிடலாம். காளிதாசன் கல்லாவுக்குப் பக்கத்தில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். கையை நீட்டினார். இல்லாத சக்கரத்தின் இல்லாத நட்டைத் திருகினார். முட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. பல வாரமாக இப்படி ஒரு நிம்மதி கிடைத்ததில்லை.

"இது எவ்ளோ தூக்கும் பாய்?" என்றார் ரவிச்சந்திரன்.

"நூத்தம்பது கிலோ," என்றார் ஹனீபா.

"அவ்ளோதானா?"

"என் மோட்டார் நூறுகூட வராது மச்சான்."

"மாப்ள, நீ ஒன் மோட்டார மட்டும் நெனைக்கிற. நான் சமுதாயத்த நெனைக்கிறேன்." ரவிச்சந்திரன் நடந்துபோய் மற்ற லிஃப்டின் மேல் கையை வைத்தார். நீலநிறத்தில், கட்டில் அகலத்தில், பெரிய ஒர்க்ஷாப்புகளில் வைக்கும் சாமான் அது. "இது?"

"ஐநூறு கிலோ. ஒரு மாடு ஏத்தலாம்லா."

"மாடு ஏத்துவாங்களா பாய்?" என்று காளிதாசன் கேட்டார்.

"நான் விப்பேன். ஏத்துறது எறக்குறது உங்க இஷ்டம்."

"நாளைக்கே நீ பெரிய மோட்டார் வாங்குனா என்னா செய்வ?" என்றார் ரவிச்சந்திரன்.

"எனக்கு எதுக்கு மச்சான் பெரிய மோட்டார்?"

"அதான் நம்ம ஆளுங்களோட பிரச்சன. சின்னதாவே யோசிக்கிறது." ஹனீபாவைச் சாட்சிக்குத் திரும்பிப் பார்த்தார். ஹனீபா பெரியதை விற்கப்போகிற சந்தோஷத்தில், ஆமாம் என்று வருத்தமாகத் தலையாட்டினார்.

அந்தப் பெரிய மேசை கீழிருந்து எழும்பினால் இடுப்பு உயரத்தில்தான் முதல் பூட்டு விழும். அதாவது நின்றுகொண்டுதான் வேலை பார்க்க வேண்டும். காளிதாசன் இதைச் சொன்னார். நின்று வேலை செய்வது உடம்புக்கு நல்லது என்று ரவிச்சந்திரன் சொன்னார். மேலும், காளிதாசன் ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை. பஸ் முதலாளி பக்கிரிசாமி அண்ணன் இயக்கத்துக்கு அன்பளிப்பாக வாங்கித் தருவார். காளிதாசன் வீட்டுப் போர்ச்சில் வைத்துக்கொள்ளலாம். எப்போது வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றார்.

காளிதாசன் அன்று காலைதான் இரவு ஷிஃப்ட் முடித்து வந்திருந்தார். கண்ணில் மண் கொட்டியது மாதிரி இருந்தது. வேண்டாம் என்று சொன்னால், ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அதற்கு மச்சான் பதில் சொல்வார். அந்தப் பதிலுக்குப் பதில் சொல்ல வேண்டும். சரி என்று சொன்னால் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்.

"சரி," என்றார்.

லோரியில் வந்து இறங்கிய மேசை போர்ச்சை முழுக்க அடைத்துக்கொண்டது. அங்கே நின்ற காடி, வீட்டின் ஒரே கார், ரோட்டுக்குப் போனது. ஒரு பக்கம் சுவர், மறு பக்கம் செருப்பு அலமாரி. நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி போட இடமே இல்லை. சுவரோரம் பக்கவாட்டில் நடந்துதான் வீட்டுக்குள் போக முடிந்தது. சரி, வந்தது வந்துவிட்டது, மோட்டாரை ஏற்றி நின்றபடியே எண்ணெய் மாற்றலாம் என்று காளிதாசன் போனால், மச்சானிடமிருந்து உத்தரவு வந்தது. திறப்பு விழா முடியாமல் யாரும் தொடக்கூடாது.

"மேசைக்கு என்னா மச்சான் திறப்பு விழா?"

"அன்பளிப்பு குடுத்தவரு வந்து திறக்காம நீ பாட்டுக்கு ஏத்துனா, அது மரியாதையா?"

பக்கிரிசாமி அண்ணனுக்கு அந்த வாரம் நேரமில்லை. அடுத்த வாரம் ஈப்போவில் ஒரு காதணி விழா. அதற்கடுத்த வாரம் அவருக்கே சளி. ஞாயிற்றுக்கிழமைகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. காளிதாசன் சன்னல் வழியாகப் பார்ப்பார். வெளியே மழையில் நனைந்துகொண்டிருக்கும் மோட்டார். உள்ளே நனையாமல் இருக்கும் மேசை. கொஞ்ச நாளில் நவமணி அதன்மேல் துணி காயப்போடத் தொடங்கினாள். ஐந்நூறு கிலோ தூக்கும் மேசை நான்கு கைலியையும் ஒரு போர்வையையும் தூக்கிக்கொண்டு நின்றது.

விழா நாள் ஒருவழியாக வந்தது. ரோட்டை மறித்துக் கூடாரம் போட்டார்கள். சாப்பிட மீகோரெங் வந்தது, குடிக்க சிராப் தண்ணீர் வந்தது, ஒலிபெருக்கி வந்தது. கடைசியாக பேனர் வந்தது. கேட்டில் கட்டுவதற்காக அதை விரித்தபோதுதான் காளிதாசன் படித்தார். மேலே பக்கிரிசாமியின் பெரிய படம். அதைவிடச் சற்றே சின்னதாக ரவிச்சந்திரனின் படம். கீழே சிவப்பு எழுத்தில், 'பிரதி ஞாயிறு இலவச மோட்டார் சேவை முகாம். காலை முதல் மாலை வரை. பொறுப்பாளர்: திரு. காளிதாசன்.'

அவர் இன்னொரு முறை படித்தார். எழுத்து மாறவில்லை.

"மச்சான், இது என்னா?"

"எது?"

"பிரதி ஞாயிறு."

"ஒனக்கு பதவி குடுத்திருக்கேன் மாப்ள." ரவிச்சந்திரன் அவர் தோளில் தட்டினார். "எவ்வளவு பேரு கேட்டாங்க தெரியுமா? நான்தான் வேற யாருக்கும் குடுக்க முடியாதுன்னுட்டேன்."

"என்னெ ஒரு வார்த்த கேக்கல."

"ஒன்னெ எதுக்கு கேக்கணும், நீ நம்ம வீட்டு ஆளு." சொல்லிவிட்டு ஒலிபெருக்கிக்காரரைத் திட்டப் போய்விட்டார்.

காளிதாசன் வாயைத் திறந்தார். அதற்குள் பக்கிரிசாமியின் காடி வந்துவிட்டது.

கூலிம் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் பஸ்கள் பக்கிரிசாமியுடையவை. அடுத்த வருடம் டத்தோ பட்டம் வந்துவிடும் என்று பல வருடமாகப் பேச்சு. கனத்த உடம்பு, வெள்ளைச் சட்டை. அவருடைய பெரிய மோட்டார் ஒன்று தனியாக லோரியில் வந்தது. அதைத்தான் முதலில் மேசையில் ஏற்றப்போகிறார்கள். அதன்மேல் அவர் உட்கார்ந்திருக்க, மேசை எழும்ப வேண்டும், அதுதான் திறப்பு.

முதலில் எலுமிச்சம்பழத்தில் சிக்கல் வந்தது. புது வண்டி என்றால் சக்கரத்துக்கு அடியில் பழம் வைத்து ஏற்றி நசுக்குவதுதான் முறை. மேசைக்கும் சக்கரம் உண்டுதான். ஆனால் அது பழத்தைவிடச் சின்னது. துணைத்தலைவரும் இணைச்செயலாளரும் தள்ளிப் பார்த்தார்கள். பழம் நசுங்கவில்லை, மேசை ஏறவில்லை. எலுமிச்சை இல்லாமல் செய்யலாமா என்று ஒருவர் கேட்டார். செய்யலாம், ஆனால் பிறகு ஏதாவது நடந்தால் கேட்கக்கூடாது என்று இன்னொருவர் சொன்னார். ஹனீபா கடையிலிருந்து புதுச் சுத்தியல் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அதை இயக்கத்துக்கு விற்றுவிட்டு, "இதால அடிங்க, எல்லாம் ஒண்ணுதான்," என்றார். அடித்தார்கள். சாறு செயலாளர் கண்ணில் தெறித்தது.

பக்கிரிசாமிக்கு மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, தலையில் சரிகைத் தலைப்பாகை வைத்தார்கள். மேசை தரையோடு இருக்கும்போதே இரண்டு ஆலோசகர்கள் அவர் காலைத் தூக்கி மோட்டாருக்கு அந்தப்பக்கம் போட்டார்கள். முன்சக்கரத்தைப் பிடிப்பானில் இறுக்கி, இரண்டு பக்கமும் வார் கட்டியிருந்தது. எல்லாருடைய கைப்பேசியும் உயர்ந்தது. ரவிச்சந்திரன் மிதியை மிதிக்க மிதிக்க, பக்கிரிசாமி மெல்ல மேலே போனார். நாதஸ்வரம் ஒலிபெருக்கியில் வந்தது. முதல் பூட்டு உயரத்தில் நிறுத்தியிருக்கலாம். ஆனால் கைதட்டல் கேட்டதும் ரவிச்சந்திரனுக்கு நிறுத்த மனம் வரவில்லை. கடைசிப் பூட்டுவரை ஏற்றி, பாதுகாப்புக் கம்பியைச் செருகினார். தலைப்பாகையின் உச்சி போர்ச்சின் தகரக் கூரையில் போய் முட்டி நின்றது.

பக்கிரிசாமி அங்கிருந்தபடியே பேசினார். சமுதாயம் உயர வேண்டும் என்றார். பொருத்தமாக இருந்தது. பேச்சு முடிந்து கைதட்டல் ஓய்ந்ததும், "சரி, எறக்குங்க," என்றார்.

இறக்க முடியவில்லை. கம்பி அசைய மறுத்தது. மேசையின் பாரம் முழுவதும் கம்பியின்மேல் உட்கார்ந்திருந்தது. ஹனீபா மேசையின் பக்கத்தில் ஒட்டியிருந்த தாளைக் கண்ணாடி போட்டுப் படித்தார். "ஒரு மிதி மேல தூக்கணும். அப்பதான் கம்பி வரும். அப்பறம் கீழ எறங்கும்."

எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். மேலே போக இடமில்லை. இடம் வேண்டுமென்றால், பக்கிரிசாமி தலையைக் குனிய வேண்டும். இது அங்கே இருந்த அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. ஒருவரும் சொல்லவில்லை.

"தலைப்பாகைய எடுத்துரலாமா?" என்றார் செயலாளர், ஒற்றைக் கண்ணால்.

"நாம வச்ச மரியாதைய நாமளே எடுக்கிறதா?" என்று ரவிச்சந்திரன் சீறினார். "லைவ் போயிட்டிருக்கு. தலைவரு தல குனிஞ்ச மாதிரி படம் வந்தா என்னா ஆவும் தெரியுமா?"

நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் அதே போர்ச்சில் நின்று அதைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள்தான். ஆனாலும் அது கவனிக்க வேண்டிய விஷயம் என்று ஒத்துக்கொண்டார்கள். கூரைத் தகரத்தைக் கழற்றலாமா என்று ஒரு யோசனை வந்தது. போர்ச்சுத் தரையை உடைக்கலாமா என்று இன்னொன்று. இதைப் பற்றி அவசரச் செயற்குழுவைக் கூட்டலாம் என்று ரவிச்சந்திரன் சொன்னார். செயற்குழு கூடாரத்தில்தான் கூட முடியும். அங்கேதான் மீகோரெங் இருந்தது. ஆகவே எல்லாரும் கூடாரத்துக்குப் போனார்கள்.

போர்ச்சில் பக்கிரிசாமியும் காளிதாசனும் மட்டும் இருந்தார்கள். ஒருவர் மேலே, ஒருவர் கீழே.

"தம்பி," என்று மேலிருந்து மெல்லக் குரல் வந்தது. "எறங்கிக் குதிச்சிரலாம்னு பாத்தேன். முடியல. முட்டி வரல."

"எந்த முட்டிண்ணே?"

"ரெண்டும். யாருகிட்டயும் சொல்லிராத."

காளிதாசன் சுவரில் சாய்ந்தார். "எனக்கும் அதாண்ணே. அதுக்குத்தான் இந்த மேச."

"அப்பறம் ஏன் இவ்ளோ ஒசரமா வாங்குனீங்க?"

"நான் வாங்கல. நீங்கதான் வாங்கிக் குடுத்தீங்க."

பக்கிரிசாமி நிமிரப் பார்த்தார். தலைப்பாகை கூரையில் உரசும் சத்தம் கேட்டது. "எங்க வேல ஒனக்கு?"

"கூலிம் ஹைடெக். உங்க பஸ்ஸுலதான் போறேன்."

"நல்ல பஸ்ஸாச்சே."

"சீட்டு நெருக்கம்ணே. முட்டிய மடக்கியே உக்காரணும், போவயும் வரயும்."

"பாக்குறேன்," என்றார் பக்கிரிசாமி. மேடையில் இருப்பவர்கள் எப்போதும் சொல்லும் சொல். ஆனால் கூரையில் தலை முட்டிக்கொண்டு சொன்னதால், காளிதாசனுக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு அலுப்பாக இருந்தது. தன் முட்டிக்காக ஒரு மேசை தேடப்போய், இன்னொருவர் முட்டி தன் போர்ச்சில் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வேறு.

"அண்ணே, தலைய குனிங்க," என்றார்.

"ரவி வேணாங்கிறாரே."

"அவரு கீழ நிக்கிறாரு. மேல இருக்கிறது நீங்க."

பக்கிரிசாமி கூடாரத்தின் பக்கம் பார்த்தார். தட்டுகளின் சத்தம் வந்துகொண்டிருந்தது. பிறகு மெல்லத் தலையைக் குனிந்தார். தலைப்பாகை சரிந்து மாலைமேல் விழுந்தது. காளிதாசன் ஒரு மிதி மிதித்தார். கம்பி தானாகக் கையோடு வந்தது. இறக்கும் மிதியை அழுத்தியதும் மேசை உஸ்ஸென்று மூச்சுவிட்டபடி தரைக்கு வந்து சேர்ந்தது. காளிதாசன் தோள்கொடுக்க, பக்கிரிசாமி காலை இழுத்துப் போட்டு இறங்கினார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். விட்டால் யார் முதலில் விழுவார் என்று சொல்ல முடியாது.

அதைப் பார்த்து எல்லாரும் கூடாரத்திலிருந்து ஓடிவந்தார்கள். ரவிச்சந்திரன் நேராக ஒலிவாங்கிக்குப் போனார். சிறப்பு விருந்தினர் வெற்றிகரமாகத் தரையிறங்கியதை அறிவித்தார். பிறகு, "அடுத்த வாரத்துலேருந்து, பிரதி ஞாயிறு, நம்ம பொறுப்பாளர் காளிதாசன் அவர்கள், உங்க எல்லாரு மோட்டாரையும்..."

"மாட்டேன்," என்றார் காளிதாசன்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் நின்றதால் ஒலிவாங்கி அதைப் பிடித்துக்கொண்டது. தாமான் முழுக்கக் கேட்டது. அவருக்கே கொஞ்சம் ஆச்சரியம். ஒரு பெரிய மனிதரைத் தலை குனியச் சொன்ன பிறகு, மச்சானுக்கு மாட்டேன் என்று சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

"என்னா மாப்ள?"

"ஞாயித்துக்கெழம நான் யாரு மோட்டாரையும் தொட மாட்டேன் மச்சான். என்னுத மட்டும்தான். இந்த மேசைய என் வீட்டுலேருந்து எடுத்துட்டுப் போயிருங்க."

"மாப்ள, பேனர் அடிச்சாச்சி."

"வேற அடிங்க."

"எல்லாரும் பாக்குறாங்க. ஒரு வருஷம் செஞ்சி பாரு. சரி, ஒரு மாசம்."

"ஒரு ஞாயித்துக்கெழமகூட முடியாது. எனக்கு அலுப்பா இருக்கு மச்சான். ஒங்களுக்குப் புரியுதோ இல்லையோ. அலுப்பா இருக்கு."

ரவிச்சந்திரன் தங்கையைத் தேடினார். நவமணி வாசலில் நின்றிருந்தாள். "நீயாவது சொல்லும்மா."

நவமணி புருஷனைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள். "எடுத்துட்டுப் போங்கண்ணே," என்றாள். "வீட்டுக்குள்ள போறதுக்கே நண்டு மாதிரி போவ வேண்டியிருக்கு."

யாரோ சிரித்தார்கள். பக்கிரிசாமி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தவர், நிமிராமல் கேட்டார்: "ரவி, ஒங்க வீட்டு போர்ச் பெருசுதானே?"

அதோடு தீர்ந்தது. சிறப்பு விருந்தினர் கேட்ட கேள்விக்கு இல்லை என்று பதில் சொல்லும் வழக்கம் அந்த இயக்கத்தில் இல்லை.

இரண்டு மூன்று வாரம் மச்சான் பேசவில்லை. காளிதாசனுக்கு அது ஒரு ஓய்வு மாதிரி இருந்தது. ஹனீபா கடைக்குத் தனியாகப் போய்ச் சின்ன மேசையை வாங்கினார். ஹனீபா, பெரியதுதான் நல்லது என்று தான் எப்போதும் சொன்னதே இல்லை என்று சாதித்தார். இதற்கிடையில் மேசை இடமாற்றத் திறப்பு விழா ரவிச்சந்திரன் வீட்டில் நடந்ததாகக் குழுவில் படங்கள் வந்தன. இந்த முறை ஆள் யாரும் ஏறவில்லை. மோட்டார் மட்டும் ஏறியது. அதற்கு மாலை போட்டிருந்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை காளிதாசன் மோட்டாரைத் துடைத்து, சின்ன மேசையில் ஏற்றி, நான்கு மிதி மிதித்தார். பூட்டு விழுந்தது. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். சக்கரத்து நட்டு சரியாக நெஞ்சுக்கு நேராக நின்றது. தெருவில் சத்தமில்லை. ஸ்பானரை எடுத்து நட்டில் மாட்டினார். முதல் திருகலுக்கு முன்னால், ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று நினைத்தார். வாரம் முழுக்க இரவு ஷிஃப்ட்.

நவமணி காப்பி கொண்டுவந்தபோது, ஸ்பானர் நட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அவர் தலை மோட்டார் சீட்டில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. நாற்காலியின் கைப்பிடியில் கைப்பேசி அதிர்ந்துகொண்டிருந்தது. மச்சான்.

அவள் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, காப்பியோடு நடையைத் தாண்டி உள்ளே போனாள்.

"என்னாம்மா, மாப்ள எங்க? இங்க பத்து மோட்டார் வந்து நிக்கிது, ஒருத்தனுக்கும் ஒண்ணும் தெரியல. செயலாளரு ஒண்ண கழட்டிட்டாரு, இப்ப மாட்டத் தெரியல. ஒரு அரைமணி நேரம் வந்துட்டுப் போவச் சொல்லு."

நவமணி சன்னல் வழியாகப் பார்த்தாள்.

"அவரு வேலையா இருக்காருண்ணே," என்றாள். "இப்ப கூப்பிட முடியாது."